பிறக்கும்போதா, பிறந்ததுமா?

"எங்க அம்மா வரவேணாம்னு ஏன் சொன்னீங்க, அத்தை?"

லிப்ஸா இதைக் கேட்டபோது மதியம் இரண்டு மணி இருக்கும். அம்பத்தூரில் ஒரு சின்ன மருத்துவமனை. முதல் மாடியில் பிரசவ அறைக்கு முந்தின அறை. வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது. என் மருமகள் ஒரு கையால் கட்டில் கம்பியையும் இன்னொரு கையால் என் மணிக்கட்டையும் பிடித்திருந்தாள். வலி எடுக்கும்போதெல்லாம் என் வளையல்கள் தோலில் அழுந்தின.

எனக்கு அவள் கேட்டது புரியவில்லை. அவளுக்கு ஊர் ஒடிசாவில் கட்டாக். கல்யாணமாகி வந்து இரண்டு வருடத்தில் கற்ற தமிழ். 'வரல' என்று சொல்ல வந்து 'வரவேணாம்' என்கிறாளோ என்று நினைத்தேன்.

"வந்துடுவாங்கம்மா. வழியில இருப்பாங்க" என்றேன்.

"வழியில இல்ல. ஊர்லதான் இருக்கு. இப்ப போன்ல பேசிச்சு." அவள் மூச்சை இழுத்து விட்டாள். "பேபி பிறந்தப்புறம்தான் வரணும்னு நீங்க மெசேஜ் போட்டீங்களாம்."

அடுத்த வலி வந்துவிட்டது. நர்ஸ் என் தோளைத் தொட்டு, "நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்கம்மா" என்றார்.

வராந்தா பெஞ்சில் யாரோ மடக்கி வைத்த குடையிலிருந்து தண்ணீர் வடிந்து, பினாயில் போட்ட தரையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் போனை எடுத்து, சம்பந்தியம்மாவுக்கு எழுதியிருந்ததைத் தேடிப் பிடித்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். வரவேண்டாம் என்று அதில் எங்குமே இல்லை. வாருங்கள் என்றுதான் இருந்தது.

சிரித்துக்கொண்டே இருந்த இருவர்

வெகுகாலம் நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும் திருநின்றவூரில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். ஒரே மகன் பிரபு. அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அங்கே கூட வேலை பார்த்த பெண்தான் லிப்ஸா.

கல்யாணம் கட்டாக்கில் நடந்தது. லிப்ஸாவுக்கு அப்பா இல்லை. அம்மா பிரமீளா அங்கன்வாடியில் வேலை செய்து மகளைப் படிக்க வைத்தவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். அவருக்கு ஒடியாவும் இந்தியும் தெரியும். எனக்குத் தமிழ் மட்டும். ஆங்கிலம் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியாது.

மூன்று நாளும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம். சிரித்துச் சிரித்து எனக்குக் கன்னம் வலித்தது. கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது. மகளை ஒப்படைக்கும் தாய் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தச் சொற்கள் எனக்கு வேண்டியிருந்தன. நான் திரும்பச் சொன்னது, "ஓகே, ஓகே."

போனில் மொழிபெயர்க்கும் வசதி இருக்கிறதே என்றான் பிரபு. ஒருமுறை முயன்றோம். உங்கள் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நான் சொன்னதை அது எப்படிச் சொன்னதோ, அந்தப் பக்கம் அவர் பதறிப்போய் மகளுக்குப் போன் செய்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். அதோடு அதை விட்டேன்.

லிப்ஸா உண்டான செய்தி தெரிந்த வாரம், அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். ஐம்பத்தாறு வயதில்.

'வென்' வந்தால் 'வில்' வராது

வகுப்பில் பன்னிரண்டு பேர். சொல்லிக்கொடுத்த ஷீலா மிஸ்ஸுக்கு என் மகனைவிட வயது குறைவு. என்னை ஆன்ட்டி என்பாள். எனக்குப் பக்கத்து நாற்காலி மணி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபோர்மேன். வெளிநாட்டுக்காரர்கள் பட்டறையைப் பார்க்க வருகிறார்கள் என்று முதலாளி அவரை அனுப்பியிருந்தார்.

ஒரு நாள் மிஸ் போர்டில் இரண்டு வாக்கியம் எழுதினாள். 'வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்.' 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்.' எது சரி என்றாள்.

நாங்கள் பன்னிரண்டு பேரும் முதலாவதைச் சொன்னோம். பன்னிரண்டு பேரும் தப்பு.

"இன்னா மிஸ் இது" என்றார் மணி. "அவன் நாளிக்குத்தான வரப் போறான்? நாளிக்கு வர்றவனுக்கு இன்னாத்துக்கு இன்னிக்கே கம்ஸு போட்டுக்கினு கீறீங்க?"

"அது அப்படித்தான் சார். வென், பிஃபோர், ஆஃப்டர், அன்ட்டில், இதுங்களுக்குப் பின்னால நடக்கப் போறதா இருந்தாலும் வில் போடக் கூடாது. நிகழ்காலத்துல சொல்லணும். வில் இன்னொரு பாதியில வரும்."

"ஏன் மிஸ்?"

அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "அந்த வேலையை வென் பாத்துக்கும் சார்" என்றாள்.

நான் அதை நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். குழப்பம் தீரவில்லை. பிறகு ரயிலில் வரும்போதும் அதே நினைப்பு. அண்ணனூரில் நின்ற வண்டியில் எதிர் சீட்டுப் பெண் போனில், "ஆவடி வந்துட்டேன், இறங்கினதும் கூப்பிடறேன்" என்று யாருக்கோ சொன்னாள். ஆவடி இன்னும் வரவில்லை. அவள் இறங்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. 'வந்துட்டேன்' நடந்து முடிந்தது. 'இறங்கினதும்', அதுவும் முடிந்தது. 'கூப்பிடறேன்', இப்போது நடப்பது. ஆனால் மூன்றுமே இனிமேல்தான் நடக்கப் போகின்றன. கேட்ட யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பக்கம் கேட்டவருக்கும் வந்திருக்காது.

வாழ்நாள் முழுக்க இப்படியேதான் நானும் பேசியிருக்கிறேன். அன்றுதான் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு சில நாட்கள் தமிழ் பேசவே தடுமாறினேன். "மழை விட்டதும் போறேன்" என்று என் கணவர் சொன்னால், விட்டதா, விடவில்லையா, போகிறாரா, போவாரா என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டு நிற்பேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போயே விடுவார்.

நானே எழுதிய அழைப்பு

ஏழாம் மாதம் முடிந்ததும் நீண்ட ரயில் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாய்வீட்டுக்குப் போக முடியாது என்று ஆனதில் லிப்ஸாவின் முகம் வாடிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. என்னிடம் எதையுமே காட்டிக்கொள்ள மாட்டாள். அவ்வளவு மரியாதை. சில நாள் அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருக்கும்.

தாய்வீடு போக முடியாவிட்டால் தாய் இங்கே வரட்டும் என்று முடிவு செய்தேன். முதல் பிரசவம். வலியெடுக்கும்போது பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரபு பிறந்தபோது என் அம்மா ஊரிலிருந்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு.

மகனையோ மருமகளையோ விட்டுச் சொல்லச் சொன்னால் அது தகவல் மாதிரி ஆகிவிடும். சம்பந்தியை நான்தான் அழைக்க வேண்டும். உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்: 'ப்ளீஸ் கம் வென் பேபி வில் பார்ன்.' குழந்தை பிறக்கும்போது வாருங்கள். அவ்வளவுதான் நான் நினைத்தது.

மறுநாள் வகுப்பில் மிஸ்ஸிடம் காட்டி, "இது சரியா?" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே 'வில்'லை அடித்தாள். "வென் ஆன்ட்டி, வென்." சிவப்பு மையில் திருத்தினாள்: 'ப்ளீஸ் கம் வென் த பேபி இஸ் பார்ன்.'

எனக்கு என்னவோ நெருடியது. "இஸ் பார்ன்னா பிறந்திருச்சுன்னு ஆயிடாதா மிஸ்?"

"ஆகாது ஆன்ட்டி. இதான் கரெக்ட் இங்கிலீஷ்."

அப்படியே போனில் ஏற்றி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. 'ஓகே தீதி. வென் பேபி பார்ன் ஐ கம். யூ டெல் மீ.'

அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார். எனக்கு அந்தச் சந்தோஷம் தாங்கவில்லை. குழந்தை பிறக்கும்போது வருகிறேன், தேதியைச் சொல்லுங்கள் என்று அதைப் படித்துக்கொண்டேன். டாக்டர் கொடுத்த தேதியை அனுப்பினேன். கும்பிடும் கைகள் படம் ஒன்று வந்தது. பக்கத்து அறையை ஒழித்து, கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி, புது விரிப்பு போட்டேன்.

வாரங்கள் போயின. லிப்ஸாவிடம் ஒரு முறை, "அம்மா எப்ப வராங்களாம்?" என்று கேட்டேன். "பேபி வரும்போது அம்மா வரும்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. 'வந்த பிறகு' என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்கிறாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி, அசதியாக இருக்கிறாள் என்று இருந்துவிட்டேன்.

தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டது.

இரண்டும் சரி

வராந்தாவுக்குத் திரும்புகிறேன். மருந்துப் பையோடு பிரபு மாடியேறி வந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. போனை அவனிடம் நீட்டினேன்.

"இதைப் படிச்சுச் சொல்லு. நான் அவங்களை வராதீங்கன்னா எழுதியிருக்கேன்?"

படித்தான். "இதுல தப்பு ஒண்ணும் இல்லையேம்மா" என்றவன் மறுபடி படித்தான். முகம் மாறியது. "நீ என்ன நினைச்சு எழுதுன?"

"பிறக்கும்போது இங்க இருக்கணும்னு."

"பிறந்ததும் வாங்கன்னு அவங்க படிச்சிருக்காங்கம்மா. அதுவரைக்கும் வராதீங்கன்னு."

"இதுல எதுடா சரி?"

"ரெண்டுமே சரிதான்" என்றான்.

ஒரு வாக்கியம் தப்பு என்றால் திருத்தலாம். சரி என்றால் விட்டுவிடலாம். இது சரியாக இருந்துகொண்டே ஒரு தாயை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டது. 'பிறக்கும்போது' என்று ஒன்றும் 'பிறந்ததும்' என்று ஒன்றும் எனக்குத் தனித்தனியாக இருந்தன. ஒரே 'வென்' அவை இரண்டையும் விழுங்கும் என்று யார் கண்டது?

லிப்ஸாவுக்கும் இது தெரிந்திருக்கவில்லை. மகளுக்கும் மாமியாருக்கும் நடுவில் கசப்பு வரக்கூடாது என்று, குழந்தை பிறந்த பிறகுதான் லீவு கிடைக்கும் என்றே பிரமீளா சொல்லி வந்திருக்கிறார். அன்று வலியில் மகள் கதறியபோது அவரால் மறைக்க முடியவில்லை.

"அவங்களுக்குப் போன் போடு" என்றேன்.

பிரபு போட்டுக் கொடுத்தான். எடுத்தவுடன் அவர் கேட்டார், "பேபி பார்ன்?"

"நோ. நாட் பார்ன். யூ கம். நவ் கம். டுடே கம்."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. நான் என்னென்னவோ சொன்னேன். பாதி ஆங்கிலம், மீதி தமிழ். அவர் ஒடியாவில் பேசினார். பிரபு என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, அடுத்த ரயில் எது என்று பார்க்கத் தொடங்கினான்.

நர்ஸிடம் கெஞ்சி உள்ளே போனேன். லிப்ஸா கண்களை மூடியிருந்தாள். உதடு வெடித்திருந்தது. அவள் காதருகில் குனிந்து தமிழிலேயே சொன்னேன். "உங்க அம்மாவை வான்னுதாம்மா எழுதினேன். நீ வலியில இருக்கறப்ப பக்கத்துல இருக்கணும்னுதான் எழுதினேன். எனக்குச் சொல்லத் தெரியல."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. என் கையையும் தேடவில்லை. 'மா, மா' என்று மட்டும் முனகினாள். அது நான் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மழை விட்டு, சாயங்கால வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தபோது பெண் குழந்தை பிறந்தது.

ஒரு மாதக் கோபம்

மூன்றாம் நாள் காலையில் பிரமீளா வந்தார். சென்ட்ரலிலிருந்து நேராக மருத்துவமனைக்கு. அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டதைப் பார்த்ததும் நான் வெளியே வந்துவிட்டேன். அங்கே எனக்கு வேலை இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள், சமையலறையில் நானும் அவரும் தனியாக இருந்தோம். அவர் கொண்டு வந்த உளுந்து வடகத்தை எண்ணெயில் போட்டுப் பொரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஊரில் அதைப் 'படி' என்கிறார்கள். நம் வீட்டு வடகத்தின் வாசனைதான்.

நான் அடுப்பைத் தணித்தேன். "ஐ ரைட் ராங்" என்றேன்.

அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நோ தீதி. யூ ரைட் கரெக்ட். ஐ ரீட் கரெக்ட்." போனை எடுத்து எதையோ தேடிக் காட்டினார். ரத்து செய்த ரயில் டிக்கெட். குழந்தை பிறந்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் முந்தின பயணம். நான் கூப்பிடுவதற்கு முன்பே எடுத்து வைத்திருக்கிறார்.

"ஐ திங்க், யுவர் கஸ்டம். பிஃபோர் பேபி, மதர் நாட் கம்" என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "ஐ ஆங்ரி. ஆன் யூ. ஒன் மந்த், வெரி ஆங்ரி."

சொல்லும்போது சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் அழுதோம். "பிஃபோர் கம், ஆஃப்டர் கம், எனி டே கம்" என்றேன். வடகம் கருகிவிட்டது.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஷீலா மிஸ் அந்தச் செய்தியை வாங்கி மறுபடி படித்தாள். "நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு நான் கேட்டிருக்கணும் ஆன்ட்டி" என்றாள். "'பிஃபோர் த பேபி இஸ் பார்ன்'னு எழுதியிருந்தா தெளிவா இருந்திருக்கும்."

"இன்னும் பிறக்கவே இல்லையே மிஸ். அதுக்குமா இஸ் பார்ன்?"

"அதுக்கும்தான்."

மணிக்குப் பொறுக்கவில்லை. "யக்கா, ஒரு போனைப் போட்டு, 'ஊட்டுக்கு வாம்மா'ன்னு கூப்பிட்டிருந்தா முடிஞ்சு போயிருக்கும். இதுக்கு இன்னாத்துக்கு டென்ஸு?" என்றார்.

வண்டி வந்த நாள்

சம்பந்தியோடு தீர்ந்தது. மருமகளோடு தீர்ந்ததா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

லிப்ஸா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அம்மா எல்லாவற்றையும் விளக்கிவிட்டதாகச் சொன்னார். லிப்ஸா எப்போதும் போலவே மரியாதையாக இருந்தாள். கொடுத்த பத்தியத்தைச் சாப்பிட்டாள். குழந்தையைக் குளிப்பாட்ட என் காலில் போட்டாள். அன்று வலியில் அவள் கேட்ட கேள்விக்கு, காதருகில் நான் சொன்ன பதில் அவளுக்குக் கேட்டதா, இல்லையா?

நாற்பது நாள் ஆனதும், அம்மாவோடு போய், விடுப்பு முடியும்வரை கட்டாக்கில் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். முறைப்படி நடக்க வேண்டியதுதான். நானே தயார் செய்து அனுப்ப வேண்டியதுதான். ஆனாலும் துணிகளை மடித்து வைக்கும்போது கை ஓடவில்லை. இது தாய்வீட்டுக்குப் போவதா, என்னைவிட்டுப் போவதா?

"கோபமாடா அவளுக்கு?" என்று பிரபுவைக் கேட்டேன்.

"தெரியலம்மா. கேட்டா இல்லன்னுதான் சொல்லுவா."

மூன்று மாதம். தினமும் போனில் குழந்தையைக் காட்டினாள். குழந்தைதான் திரையை நிறைத்துக்கொண்டிருக்கும். லிப்ஸாவின் குரல் மட்டும் ஓரத்திலிருந்து வரும். முகத்தைப் பார்த்தால் ஏதாவது தெரியுமோ என்று நான் எட்டி எட்டிப் பார்ப்பேன், போனுக்குள் எட்டிப் பார்க்க முடியும் என்பதுபோல.

அழைத்து வரப் பிரபு போனான். அவர்கள் வந்த காலை, நானும் என் கணவரும் சென்ட்ரலில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றோம். பெட்டியிலிருந்து பிரபு சாமான்களோடு முதலில் இறங்கினான். பின்னால் லிப்ஸா, தோளில் குழந்தை. முடி கலைந்து, கண்ணெல்லாம் சிவந்து, இரண்டு இரவு தூங்காத முகம்.

குழந்தையை என் கையில் கொடுத்தாள். பாலும் ரயில் தூசியும் கலந்த வாசனை. அது என் புடவைத் தலைப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அவளிடம் என்ன சொல்வது என்று நாலு நாளாக யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது.

லிப்ஸா கையை உதறிச் சோம்பல் முறித்தாள்.

"அத்தை, பயங்கரமா பசிக்குது. வீட்ல என்ன இருக்கு?"

வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. வைத்ததைச் சாப்பிடுவாள், நன்றாயிருக்கிறது என்பாள், எழுந்துவிடுவாள்.

"கத்தரிக்காய்க் காரக்குழம்பு. அப்பளம் பொரிக்கணும்" என்றேன்.

"எனக்கு நாலு அப்பளம்" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.